ஒவீதியோ சாய்ந்த பக்கம்

பார்மாவுக்கு அருகே சான் ருஃபீனோவில், பன்றித்தொடை வியாபாரி ஒவீதியோ ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பக்கவாட்டில் பார்த்தால் பீப்பாயாகவும் எதிரே நின்று பார்த்தால் மயிரிழையாகவும் ஆகிப்போனார். வலப்பக்கம் சாய்ந்தும் விட்டார். அன்று வெண்ணெய் விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது.

சாவு அறிவிப்பை அச்சடித்துச் சுவரில் ஒட்டுவது அந்த ஊர் வழக்கம். செத்தபின் பிள்ளைகள் சிக்கனம் பார்த்துவிடுவார்களோ என்று, பெரிய மனிதர்கள் உயிரோடிருக்கும்போதே அச்சகத்துக்குப் போய் மாதிரி பார்த்துக்கொள்வார்கள். ஒவீதியோ தன் பெயருக்குக் கேட்டது அங்கிருந்ததிலேயே செருக்கு மிகுந்த அச்செழுத்தை. தடித்த கோடு தூண்போல, மெல்லிய கோடு சிலந்தி இழைபோல, எல்லாம் வலப்பக்கம் சாய்ந்து, விருந்துக்குப் பிந்தியவனின் நடையில் இருக்கும். கல்யாண அழைப்பு, தேர்தல் சுவரொட்டி, வாசனைப் புட்டி எல்லாவற்றிலும் அதே எழுத்துதான். ஒருவருக்கு இல்லாத தகுதியை அது பார்வைக்குக் கொடுத்துவிடும். 'மனிதருள் மாணிக்கம்' என்ற வாசகத்தையும் அவரே எழுதிக் கொடுத்தார். அடியில் பொடி எழுத்தில், 'மனைவியும் வருந்துகிறார்.' இருபத்தாறு வருடமாகத் தொடைகளுக்கு உப்பு தேய்த்த நொரீனாவின் பெயர் கடைப் பலகையிலும் இல்லை, இதிலும் இல்லை.

கறுப்பு ஓரத் தாள் எதைக் கண்டாலும் ஒட்டிவிடுகிற சுவரொட்டிக்காரன் திங்கட்கிழமை அந்த மாதிரியையும் ஒட்டிவிட்டான்; மறுநாள் காலை ஒவீதியோ அந்த எழுத்தாகவே எழுந்தார். பூவோடு துக்கம் கேட்க வந்தவர்கள், ஒவீதியோ சாய்ந்தபடி சூப் குடிப்பதைப் பார்த்து, பூவை வீணாக்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அன்று முதல் நொரீனா அவரது வலப்பக்கம் நின்று தாங்கினார். ஆறாவது வாரம் தோள் கன்றிப்போனது. அச்சகக்காரர் செலீனோ வந்து ஒவீதியோவைச் சுற்றிப் பார்த்தார்.

"தனி எழுத்து நிக்காதுண்ணே. பக்கத்துல இன்னொண்ண வச்சு இறுக்கணும்."

"அதான் கீழ மனைவின்னு போட்டிருக்கேனே?"

"அந்தப் பொடி எழுத்து உங்கள எங்க தாங்கும்?"

நொரீனா கேட்டார்: "என் பேராவது ஞாபகம் இருக்கா, இல்ல அதையும் அச்சடிச்சுக் காட்டணுமா?"

"நொரீனாதான். முக்கால் அளவுல போட்டுக்கலாமே?"

நொரீனா ஓரடி விலகினார். ஒவீதியோ விழுந்து, கதவிடுக்குக் காற்றில் தாளாகப் படபடத்தார்.

"சரி, சம அளவு" என்றார் தரையிலிருந்து.

"அதே எழுத்துல?" என்றார் நொரீனா.

"அதே எழுத்துலதான். தூக்கிவிடு, தாயே!"

புதுத் தாளில் இரண்டு பெயர்களும் ஒரே வரியில் வந்தன. ஒட்டிய மறுநாள் நொரீனாவும் பருத்து, மெலிந்து, சாய்ந்துகொண்டார். அதன்பின் இருவரும் விழவில்லை. கோயிலுக்கு ஒரே சாய்வில் போவதைப் பார்த்த ரொட்டிக்கடைக்காரி, "இப்பதான் புருஷன் பொண்டாட்டி மாதிரி இருக்கு" என்றாள். கடைப் பலகையையும் மாற்றி எழுதினார்கள்.

பத்தொன்பது வருடம் கழித்து, ஒரே வாரத்தில் இருவரும் போனபோது, ஒட்டுகிறவன் பழைய தாளில் தேதியை மட்டும் சேர்த்தான். தச்சன் யாரையும் கேட்காமலே இரண்டு பெட்டிகளையும் சாய்வாகச் செய்திருந்தான்.