பெயர் கேட்கப்படாதவன்

மேலைவானம் செம்மை பூத்து, ஆலைப் புகைபோக்கிகள் தெருக்களின் மேல் நெடுநிழல் வீழ்த்தி, பணிமுடித்த மாந்தர் திரள்திரளாய் இல்லம் நோக்கி நடக்கும் அந்திப் பொழுதில், பொத்தான் கடையின் மாடியறையில் ஒரு தையற்பொறி ஓயாது கடகடத்துக் கொண்டிருந்தது. அறிவார்ந்த வாசகரே, அப்பொறியில் நூலும் இல்லை, துணியும் இல்லை! கிறித்துவை வழிபடுவோரைச் சிறையிடும் அந்நாட்டில், சிறைப்பட்ட உடன்பிறப்புகளுக்காக அறுவர் முழந்தாளிட்டு வேண்ட, அவர்தம் குரல் கீழே கேளாதிருக்கும் பொருட்டு ஏழாமவளாகிய தையற்காரி வெறும்பொறியை மிதித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவனும் சிறையில்தான் இருந்தான். பதினான்கு திங்களாய் அவனிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

சிறைப்பட்டோர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வேண்டுவது அவர்கள் வழக்கம். புதிதாய் வருவோரிடமோ, நம்பிக்கை பிறக்கும்வரை பெயர் கேட்பதில்லை. அவ்வாறு பெயர் கேட்கப்படாமல், எழுவரோடு எட்டாமவனாய் மூன்று வாரமாய் வந்துகொண்டிருந்த இளைஞன் ஒருவன், தான் சுவர்களுக்கு வண்ணம் பூசுபவன் என்றான். ஆயினும் அவன் நகக்கண்களில் வண்ணத்தின் சுவடே இல்லை. உடலில் மண்ணெண்ணெய் வாடை வீசியது. பிறர் கண்மூடியிருக்க, அவன் கண்கள் கதவையே நோக்கின. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். தையற்காரிக்கோ அந்தத் தூய விரல்களே பேயாய்த் தோன்றின.

“அண்ணே, பெயிண்ட் அடிக்கிறவன் கை இப்படியா இருக்கும்? எனக்கென்னமோ சரியாப் படலை” என்று அறுவருள் மூத்தவரான ரொட்டிக்காரரிடம் முறையிட்டாள்.

“வேலை கிடைக்காம இருந்திருப்பான்மா. எடுத்த எடுப்பிலேயே ஒருத்தனைச் சந்தேகப்படலாமா?”

“ஏற்கெனவே ஒருத்தரைக் கொடுத்துட்டு நிக்கிறேன். உங்க எல்லாரையும் கொடுக்க என்னால முடியாதுண்ணே.”

ரொட்டிக்காரர் இசைந்தார். அடுத்த கூட்டம் அவருடைய மாவுக் கிடங்கிற்கு மாற்றப்பட்டது. எல்லோருக்கும் செய்தி போயிற்று, அவனுக்கு மட்டும் போகவில்லை.

அக்கூட்டம் நடந்த மறுநாட் காலை தையற்காரி கடைக்கு வந்தபோது படிக்கட்டில் காவல் அதிகாரி ஒருவன் நின்றிருந்தான். “நேத்து சாயங்காலம் உன் கதவுக்கு முன்னால ஒருத்தன் மண்டி போட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தான். யார் அவன்?”

“எனக்குத் தெரியாதுங்க.”

அது பொய்யன்று, அவன் பெயர்கூட அவளுக்குத் தெரியாதே! அதிகாரி அகன்றபின் பொத்தான் கடைக்காரர் மெல்ல வந்து, “பாவம்மா அந்தப் பையன். இழுத்துட்டுப் போறதுக்கு முன்னால, வேற யாரெல்லாம் வருவாங்கன்னு கேட்டுக் கேட்டு அடிச்சாங்க. ‘நான் மட்டும்தான்’னான். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசலை” என்றார்.

எழுவர் முகமும் தொழிலும் அவன் அறிவான். படியேறிய தையற்காரி, பூட்டிய கதவின் அருகே ஒரு கந்தைத் துணி கிடக்கக் கண்டாள். மண்ணெண்ணெயில் நனைந்து, நீல, வெள்ளை வண்ணங்கள் அப்பியிருந்த அத்துணியைக் கையிலெடுத்த அக்கணமே அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. இறைவன் திருமுன் கறைபட்ட கையோடு நிற்கக் கூசி, வாரந்தோறும் அவன் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய கைகளையன்றோ அவள் குற்றவாளியின் கைகள் எனக் கொண்டாள்! படியிலேயே அமர்ந்து வாய்விட்டு அழுதாள்.

வாரம் ஒன்று கழிந்தது. எழுவரில் ஒருவரையும் தேடி யாரும் வரவில்லை. மாவுக் கிடங்கில் மூட்டைகளுக்கிடையே முழந்தாளிட்டு, தையற்காரி சிறைப்பட்டோர் பெயர்களை ஒவ்வொன்றாய்ச் சொன்னாள். கணவன் பெயரையும் சொன்னாள். பின்னர், “அந்தப் பையன்...” என்று தொடங்கினாள்.

“பேர் தெரியாட்டி என்னம்மா? ஆண்டவருக்குத் தெரியும்” என்றார் ரொட்டிக்காரர்.

“அவருக்குத் தெரியும்ணே. மூணு வாரம் என் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தான், நான் கேட்கவே இல்லையே.”

வாயிலைக் காக்க நாம் வளர்க்கும் ஐயமென்னும் நாய், கள்வனைக் கடித்த நாள்களினும் நல்விருந்தினனைக் கடித்த நாள்களே உலகில் மிகுதி. அதனைக் கட்டி வைக்கவும் இயலாது, அவிழ்த்து விடவும் அஞ்சும் காலத்தில் வாழ்ந்த அப்பேதைப் பெண், அன்று தன் கணவனுக்காக வேண்டியதினும் நெடுநேரம், பெயரறியாத அவனுக்காக வேண்டினாள்.