இந்த வருஷம் தைத்த போர்வை

டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரேகாவும் ஷாலுவும் நெட்டுக்குப்பத்தில் இருந்த அம்முவின் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேரும் திருவொற்றியூரில் ஒரு தையல் வகுப்பில் பழக்கமானவர்கள். வகுப்பு நின்றுபோய் வெகுநாளாகியும் பழக்கம் நிற்கவில்லை. யாரும் தைத்துப் பிழைக்கிறவர்கள் இல்லை. ரேகா டோல்கேட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். ஷாலு பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். அம்மு வீட்டோடு இருந்தாள். வருஷக் கடைசியில் யாராவது ஒருத்தி வீட்டில் கூடி, போன வருஷம் சொன்னதில் எதைச் செய்தோம், எதைக் கிடப்பில் போட்டோம், வருகிற வருஷத்துக்கு என்ன என்று பேசிக்கொள்வது அவர்களாக வைத்துக்கொண்ட வழக்கம்.

அம்மு வீட்டில் கூடுவது இதுதான் முதல் தடவை. அவள் கணவன் பிரகாஷ் கடலுக்குப் போயிருந்தான். மாமியார் பவுனம்மாள் மீன் விற்றுவிட்டுச் சீக்கிரமே திரும்பி, வருகிறவர்களுக்காகக் கடம்பா என்கிற கணவாய் மீனை வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என் கதைய மொதல்ல முடிச்சுடறேன்" என்று ரேகா பையிலிருந்து குரோஷா திரைச்சீலையை எடுத்து விரித்தாள். வாசற்படி முழுக்க மறைக்கும் என்று போன வருஷம் சொல்லியிருந்தாள். அது முட்டி உயரத்துக்குத்தான் வந்திருந்தது. "இத்த மாட்டுனா எங்க தெரு நாய்ங்க மட்டும்தான் மரியாதையா குனிஞ்சு போவும்."

ஷாலு ஆரி வேலை செய்த ஜாக்கெட் ஒன்றைக் காட்டினாள். இரண்டாவது ஜாக்கெட்டுக்குக் கை மட்டும் முடிந்திருந்தது. "ஒத்தக் கைதான். யாரும் சிரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

"நீ எடும்மா பொக்கிஷத்த" என்றாள் ரேகா.

அம்மு தயங்கினாள். புதுத் துணி ஒரு முழம்கூட வாங்காமல், வீட்டில் கிடக்கும் பழந்துணியிலேயே ஒரு பெரிய ஒட்டுப்போர்வை தைப்பேன் என்று போன வருஷம் சொன்னவள் அவள். சொன்னபடி முடித்தும்விட்டாள். மூவரும் சேர்ந்திருந்த வாட்ஸ்அப் குழுவில் படமும் போட்டிருந்தாள். இப்போது காட்டாமல் இருக்க முடியாது. அடுப்படியில் எண்ணெய் சடசடவென்று பொரியும் சத்தம் கேட்டது. அத்தை அங்கிருந்து வருவதற்குள் காட்டி மடித்துவிடலாம் என்று நினைத்து பீரோவைத் திறந்தாள்.

போர்வையை விரித்ததும் ஷாலு வாயைப் பொத்திக்கொண்டாள். பச்சை, காவி, பழுப்பு, மங்கின மஞ்சள் என்று சதுரங்கள் ஓரத்திலிருந்து உள்ளே வந்தன. நடுவில் ஒரு பெரிய நட்சத்திரம். நட்சத்திரம் முழுக்க மயில்நீலம், அதில் பொடிப்பொடியாய் வெள்ளைப் பூ.

"அந்த நீலம் இல்லன்னா இது சொம்மா பழைய துணி மூட்டைமே. நீலம்தான் தூக்கி நிறுத்துது" என்றாள் ரேகா.

அந்த நேரத்தில் பவுனம்மாள் தட்டோடு வந்துவிட்டாள்.

"அத்தே, இதுல உங்க பொடவை எது, சொல்லுங்க பார்ப்போம்" என்று ஷாலு கேட்டாள்.

பவுனம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. தட்டைக் கீழே வைத்து, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு குந்தினாள். "தோ, இந்தப் பச்சை என் சுங்குடி. கல்யாணத்துக்குக் கட்னது. இது பிரகாஷு கைலி. இந்தக் காவி அவங்க நைனா வேட்டி, மலைக்குப் போவசொல்ல கட்டிகினு போவாரு..." விரல் ஒவ்வொரு சதுரமாகத் தொட்டுக்கொண்டு நடுவுக்கு வந்தது. நீலத்தில் வந்து நின்றது. வெள்ளைப் பூ ஒன்றை நகத்தால் மெல்லத் தடவினாள். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது, ஆனால் அதற்குள் ஒன்றும் இல்லை.

"துன்னுங்கம்மா, ஆறிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனாள்.

ரேகாவும் ஷாலுவும் ஒன்றையும் கவனிக்கவில்லை. கடம்பாவைத் தின்றபடி அடுத்த வருஷத்துக்குத் தாவினார்கள். திரையை முடிப்பது, இரண்டாவது கையைப் போடுவது, பிறகு ஷாலுவுக்குப் பொம்மை செய்யக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். "உன்னுது இன்னா அம்மு?" என்று ரேகா கேட்டாள். இதைவிடப் பெரிய போர்வை, கடலும் படகும் வருகிற மாதிரி என்று அம்மு ஒரு மாதமாக மனதில் வைத்திருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. "இன்னும் யோசிக்கல" என்றாள்.

அந்த நீலம் ஜோதிகாவுடைய சுடிதார். ஜோதிகா பிரகாஷின் தங்கை. வியாசர்பாடிப் பையன் அறிவை அவள் விரும்பினாள். நம்ம ஆளுங்க இல்லை என்று வீட்டில் மறுத்தபோது, கட்டின துணியோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றைக்கு வாசலில் நின்று, "இனி இந்த வூட்டுல அவ பேரை எவளும் எடுக்கக் கூடாது" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னவள் பவுனம்மாள். அதன் பிறகு யாரும் எடுத்ததில்லை.

இந்த நவம்பர் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது, அத்தையின் தகரப் பெட்டியை மேலே தூக்கி வைக்கும் முன் அம்மு அதைத் திறந்து பார்த்தாள். அடியில், வாய் கட்டின ஒரு துணிப்பை இருந்தது. உள்ளே பூச்சி உருண்டை வாசனையோடு, இஸ்திரி மடிப்புக் கலையாத அந்தச் சுடிதார். அவளுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. அம்முவுக்குப் பூ வைக்க வந்த அன்று ஜோதிகா அதைத்தான் போட்டிருந்தாள். அம்முவின் தலையில் மல்லிகையை வைத்து, "அண்ணி, ஆட்டாதீங்க, ஊசி குத்திடும்" என்றாள்.

போர்வையின் நடுப்பகுதி அதுவரை காலியாகவே இருந்தது. வீட்டிலிருந்த எந்தத் துணியும் அதற்குப் பொருந்தவில்லை. பேரையே சொல்லக்கூடாது என்றவள் இதை எப்படி வாய்விட்டுக் கேட்பாள் என்று அம்மு அன்று நினைத்தாள். அந்த நினைப்பைத்தான் இப்போது அவளால் தாங்க முடியவில்லை. தெரியாமல் எடுத்திருந்தால் ஒரு மன்னிப்போடு போயிருக்கும். அவள் தெரிந்தே எடுத்தாள். பை தட்டையாகத் தெரியக்கூடாது என்று ஒரு பழைய துண்டை மடித்து உள்ளே வைத்து, வாயையும் பழையபடி கட்டினாள்.

தோழிகள் போன பிறகு அவள் உள்ளே வந்தபோது பவுனம்மாள் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். பை அவிழ்ந்து கிடந்தது. துண்டு மடியில் இருந்தது.

"இது என் தலை தொவட்டற துண்டு" என்றாள். "காணோம்னு தேடிகினு கீறேன்."

"அத்தே..."

"கேட்டா குட்த்திருக்க மாட்டேன்னு நினைச்சியா?"

அம்மு அவிழ்ந்து கிடந்த பையை எடுத்து மடித்தாள்.

"குட்த்திருக்க மாட்டேன்தான்" என்றாள் பவுனம்மாள். "ஆனா நீ கேட்டிருக்கணும்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தை துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, இரவுக்கு அரிசி களையப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அம்மு போர்வையை மடியில் போட்டுக்கொண்டு நட்சத்திரத்தின் தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள். பிளேடை வைத்து ஒவ்வொரு நூலாக அறுத்தாள். மிஷினில் இரண்டு ஓட்டு ஓட்டிய தையல். ஒரு துண்டு வெளியே வந்தது, முக்கோணமாய், ஓரமெல்லாம் நூல் பிசிறிக்கொண்டு. அதைக் கையில் வைத்துப் பார்த்தபோதுதான் தான் செய்தது முழுதாக உறைத்தது. எல்லாத் துண்டையும் எடுத்துச் சேர்த்தாலும் அது இனி ஒரு சுடிதார் ஆகாது. கழுத்துப் பக்கம் எது, கைப்பக்கம் எது என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை.

பவுனம்மாள் மீன் கூடையோடு புறப்பட்டவள் நின்று பார்த்தாள். "இன்னா பண்றே?"

"பிரிச்சுக் குட்த்துடறேன் அத்தே."

"பிரிச்சு? நான் இன்னா, அத்த நடுவூட்டுல ஒட்டி வச்சுப் பார்க்கறதா?" கூடையை இறக்கி வைத்தாள். "எடுத்தத திரும்பத் தச்சுடு. தச்சு, அவ கைல குட்த்துட்டு வா. எம்.கே.பி. நகர்ல, பால் பூத்துக்குப் பின்னால, ரெண்டாவது மாடி. கதவு பச்சைக் கலரு. நான் குட்த்து அனுப்புனேன்னு மட்டும் சொல்லாத."

கதவின் நிறம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அம்மு கேட்கவில்லை.

பிரித்ததைத் திரும்பத் தைத்துக்கொண்டு, அடுத்த நாள் காலை அம்மு இரண்டு பஸ் மாறிப் போனாள். கதவைத் திறந்த ஜோதிகா அவளைப் பார்த்ததும் முதலில் பயந்தாள். "அம்மாவுக்கு எதுனா...?"

"நல்லா கீறாங்க. சொம்மாதான் வந்தேன்."

ஜோதிகா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் வாரின தலையோடு, அண்ணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அம்மு பையிலிருந்து போர்வையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "நான் தச்சது. உனக்குன்னு..."

ஜோதிகா ஆசையாகத்தான் விரித்தாள். நட்சத்திரம் வெளியே வந்ததும் கை நின்றது. குனிந்து, துணியை முகத்தருகே தூக்கிப் பார்த்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வெட்டிட்டாங்களா?" என்றாள். "அவ்ளோ கோவமா எங்கம்மாவுக்கு?"

யார் வெட்டியது என்று ஜோதிகா கேட்கவில்லை. அவளாகவே முடிவு செய்துவிட்டாள். அம்மு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தண்ணீரைக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விடலாம். அத்தையும் நான் அனுப்பினேன் என்று சொல்லாதே என்றுதான் சொல்லியிருக்கிறாள். அம்மா வெட்டினாள் என்றே இந்தப் பெண் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பாள்.

"உங்கம்மா வெட்டல" என்றாள். "நான்தான் வெட்டுனேன் ஜோதிகா."

"நீங்களா?"

"அவங்க பெட்டிக்கு அடில, பையில கட்டி, பூச்சி உருண்டை போட்டு வச்சிருந்தாங்க. மடிப்புகூட கலையல. நான் அவங்களுக்குத் தெரியாம எடுத்துட்டேன். உன்னுதுன்னு தெரிஞ்சேதான் எடுத்தேன்."

ஜோதிகா நட்சத்திரத்தின் மேல் கையை வைத்தாள். "வச்சிருந்தாங்களா" என்று தனக்குத்தானே சொன்னாள். அப்புறம் கோபம் வந்தது. "உங்களுக்கு வேற துணியே கிடைக்கலியா அண்ணி? இது நான் காலேஜ் சேர்ந்தப்போ அம்மா எம்.சி. ரோட்டுல கூட்டிகினு போய் எடுத்துக் குட்த்தது. ஒரு கடை விடாம ஏறி எறங்குனோம். நான் போட்டுகினு வந்தா எதிர்ல நிக்க வச்சுப் பார்ப்பாங்க."

"தெரியாது."

"தெரிஞ்சிருந்தா?"

இல்லை, எடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல அம்முவுக்கு ஆசையாக இருந்தது. "அப்பவும் எடுத்திருப்பேனோ இன்னாவோ" என்றாள். "அப்போ எனக்குப் போர்வை முடிஞ்சா போதும்னு இருந்துச்சு."

ஜோதிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதித் தலையை வாரினாள். கிளம்பும்போது போர்வையை மடித்துத் தலைமாட்டில் வைத்தாள். "இத்த நான் வச்சுக்கறேன். உங்களுக்கோசரம் இல்ல" என்றாள். படி இறங்கும்போது, "அம்மா நம்பர் அதேதானா?" என்று கேட்டாள். அதேதான் என்றாள் அம்மு.

வீட்டில் பவுனம்மாள் நடந்ததையெல்லாம் கேட்டாள். அம்மு ஒன்றையும் மறைக்கவில்லை. "நான் வெட்டுனேன்னா நினைச்சா?" என்று மட்டும் பவுனம்மாள் இரண்டு முறை கேட்டாள். சாயங்காலம் தகரப் பெட்டியில் புதுப் பூட்டு ஒன்று தொங்கியது. அம்மு அதைப் பார்த்தாள், பவுனம்மாளும் அவள் பார்ப்பதைப் பார்த்தாள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஜோதிகாவிடமிருந்து போன் வந்தது. பவுனம்மாள் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். சங்கரா மீன் என்ன விலை, அங்கே தண்ணீர் லாரி வருகிறதா என்று பேச்சு போயிற்று. மறுபடி ஒரு நாள் போன் வந்தது. பிரகாஷ் இதெல்லாம் தெரியாதவன் போல் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாயும் மகளும் பேசும்போது பவுனம்மாளின் குரல் இளகிவிடும். போனை வைத்துவிட்டு உள்ளே வந்து அம்முவிடம் உப்பு எங்கே, குழம்பு எங்கே என்று கேட்கும்போது அந்தக் குரல் வேறாக இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேகா போன் செய்தாள். விஷயமெல்லாம் அவளுக்கு அம்முவே சொல்லியிருந்தாள்.

"இன்னாத்துக்கு இன்னும் மூஞ்சத் தூக்கிகினு கீறே? நீ வெட்டப் போயிதான ரெண்டு பேரும் பேசிக்கறாங்க. நல்லதுதான நடந்துகீது?"

"அப்டி சொல்லாத ரேகா" என்றாள் அம்மு. குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது. "நான் அதுக்கோசரம் வெட்டல."

ரேகா பேச்சை மாற்றினாள். "சரி வுடு. இந்த வருஷத்துக்கு நீ மட்டும்தான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நாங்க ரெண்டு பேரும் ஆரம்பிச்சுட்டோம். என் திரை தொடை வரைக்கும் வந்துருச்சு" என்றாள்.

"அத்தேக்கு ஒரு ஜாக்கெட் தைக்கலாம்னு கீறேன். கடைல புதுசா துணி எடுத்து வச்சுட்டேன்."

"ஒரு ஜாக்கெட்டா? வருஷம் முழுக்கவா? ஒரு நாள் வேலைமே அது!"

"அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட் கேட்டுகீறேன்" என்றாள் அம்மு. "பொங்கலுக்கு முன்னாடியே கேட்டேன். இன்னும் குடுக்கல."