ருசி பார்த்த விரல்

கேக் மாஸ்டர் ஐந்து வாரமாகப் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். வெண்ணெய், இறைச்சி, பொரித்தது எதுவும் கிட்டே வரக்கூடாது என்று ஒரே வைராக்கியம். மூன்று வேளையும் வேகவைத்த காய்கறிதான். எல்லாம் அக்காவுக்காக.

அக்காவின் ஈரலில் புற்று. குடிப்பழக்கம் துளியும் இல்லாதவள். வருஷக்கணக்கில் ஈரலில் கொழுப்பு சேர்ந்து, அது தழும்பேறி, கடைசியில் கட்டியாக வந்து நின்றது. தம்பி தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைப்பாள். ஆனால் தம்பி ஈரலிலும் இருபத்திரண்டு சதவீதம் கொழுப்பு! பத்துக்குக் கீழே வந்தால்தான் கத்தியைத் தொடுவேன் என்று சொல்லியிருந்தார் டாக்டர்.

இன்று இரண்டாவது ஸ்கேன்.

"பதினெட்டு," என்றார் டாக்டர்.

மாஸ்டர் திரையை எட்டிப் பார்த்தார். "மிஷின்ல ஏதாச்சும் கோளாறு இருக்கும் டாக்டர்!"

"மிஷின் நல்லாத்தான் இருக்கு. வேற ஏதாவது சாப்பிடுறீங்களா? வெண்ணெய் மாதிரி?"

"சத்தியமா இல்ல."

"கட்டி வளந்துட்டே இருக்கு. இன்னும் மூணு வாரம் பாக்கலாம். அதுக்கு மேல அவங்களுக்கு டைம் இல்ல."

வெளியே நாற்காலியில் சுருண்டு கிடந்த அக்கா நிமிர்ந்தாள். "எவ்ளோடா?"

"நல்லா கொறஞ்சிருக்குக்கா."

"பொய் சொன்னா உனக்குக் காது செவக்கும்," என்றாள் அவள்.

மறுநாள் காலை பேக்கரியில் மாஸ்டர் வெண்ணெயும் சர்க்கரையும் போட்டுக் கிரீம் அடித்துக்கொண்டிருந்தார். மனசு முழுக்க அந்தப் பதினெட்டுதான். அக்கா மகள் அங்கேதான் கவுன்ட்டரில் வேலை பார்க்கிறாள். ஆர்டர் சீட்டோடு உள்ளே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மாமா, இப்ப வாயில என்ன வச்சீங்க?"

"ஒண்ணுமில்லையே."

"வெரல நக்குனீங்க. நான் பாத்தேன்."

"அது ருசி பாத்தேன்மா. ருசி பாக்காம கிரீம் எப்படி..."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. அட பாவி மனுஷா! ஒரு கலவைக்கு மூன்று தடவை. பூ வைக்கும்போது, பூசும்போது, வழிக்கும்போது. ஒரு நாளைக்கு எத்தனை கலவை? இருபது வருஷத்தில் ஒரு நாளாவது அதைச் சாப்பாடு என்று நினைத்திருப்பாரா?

"எங்கம்மா செத்துட்டிருக்காங்க மாமா!" அவள் கத்தியே விட்டாள். "நீங்க இங்க நின்னு வெண்ணெய நக்குறீங்க!"

அவருக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. அலமாரியிலிருந்து ஒரு முகக்கவசத்தை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"கட்டி விடு. இறுக்கமா."

"மூச்சு முட்டும் மாமா."

"முட்டட்டும். இனிமே ருசி பாக்குறது நீதான். வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாடாவைப் பின்னால் இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டாள்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் முடிச்சை அவிழ்க்க வந்தாள். முகக்கவசத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். வாய் இருந்த இடத்தில், துணிக்கு வெளியே, கிரீம் அப்பிக் கிடந்தது. விரல் வந்து வந்து போயிருக்கிறது. அவருக்கே தெரியாது.

கழற்றி அவர் கையில் வைத்தாள். மாஸ்டர் அதையே பார்த்தார். உள்பக்கம் சுத்தமாக இருந்தது.

"இன்னொண்ணு எடுத்துட்டு வாம்மா," என்றார். "இன்னும் இருபது நாளைக்கு வேணும்."