இருபத்தேழாம் வரிசையின் வேர்

வேர் கழுவுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஹுக்மாராம் காகா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். அதுதான் வினையாகிப் போனது.

ஊருக்கு வெளியே ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது வகைக் கம்பு விதைத்திருந்தார்கள். வகைக்கு ஒரு வரிசை. என்னையும் சேர்த்துப் பெண்கள் எட்டுப் பேர் வரிசைக்கு மூன்று செடியைத் தோண்டி, வேரை வாளித் தண்ணீரில் கழுவி, கறுப்புத் துணியில் விரித்துக் கொடுக்க வேண்டும். எனக்குச் சித்தப்பா முறையான காகாதான் மேற்பார்வை. அவர் படம் எடுத்து, வேர்களை எண்ணி, மதிப்பெண் போடுவார். முதல் பத்து வகை அடுத்த மழைக்கு எங்கள் ஊர் நிலங்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் நிலம் மணல் மேடு. மூன்று வருடமாக அங்கே கம்பு முழங்கால் உயரத்திலேயே காய்ந்து ஆடுகளுக்குப் போகிறது. இன்னொரு வருடம் இப்படியானால் எல்லோரும் செங்கல் சூளைக்குப் போய்விடுவோம் என்று அப்பா சொல்லியிருந்தார்.

ஆவணியில் இருபது நாள் மழை இல்லை. மற்ற வரிசைகள் இலையைச் சுருட்டிக்கொண்டன. இருபத்தேழாம் வரிசை மட்டும் இலையை விரித்தபடி நின்றது. தினமும் போய்ப் பார்த்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வது எனக்கு வராது.

அதன் முறை வந்தபோது நானே தோண்டினேன். மற்ற வேர்களை ஓர் உதறு உதறினால் மணல் கொட்டிவிடும். இது விடவில்லை. ஒவ்வொரு வேரும் மணலில் காலுறை போட்டிருந்தது. விரலால் உருவினேன். துணியால் வழித்தேன். மூன்று வாளித் தண்ணீர் மாற்றினேன். கடைசியில் நூல்போல நாலைந்து வெள்ளை வேர்தான் மிஞ்சியது.

“பாருங்கடி, இதுக்குப் பேரு வேலை!” என்றார் காகா. பிறகு எண்ணினார். பத்துக்கு இரண்டு மதிப்பெண்.

வியாழக்கிழமை ஜோத்பூரிலிருந்து ஆராய்ச்சியை நடத்தும் புரோகித் மேடம் வந்தார். ஈரத் தாளில் முளைத்த ஒரு நாற்றை உருப்பெருக்கியின் கீழ் வைத்து எங்களைப் பார்க்கச் சொன்னார். வேர் முழுக்க மயிர் மயிராக இருந்தது.

“இதுதான் வேர்த்தூவி. ஒவ்வொரு தூவியும் வேரோட தோல்ல இருக்குற ஒரே ஒரு செல்லு நீண்டது. மண்ணுக்குள்ள கையை நீட்டி மணிச்சத்தையும் தண்ணியையும் இதுதான் இழுக்குது. தூவி நீளமா இருந்தா மணல் வேரை விடாது.”

மணலோடு சேர்த்து நான் வழித்து எறிந்தது அதைத்தான். எட்டாவதோடு படிப்பை விட்ட எனக்கும் அது புரிந்தது. வாய்தான் திறக்கவில்லை. மேடம் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

பெம்பியிடம் மட்டும் சொன்னேன். அவள் எதிர்வீட்டு மருமகள், எங்களோடு வேர் கழுவுபவள். காகா அவளுக்கு மாமனார் முறை. அவர் முன்னால் முக்காட்டைத் தூக்கக் கூடாது, நேராகப் பேசவும் கூடாது.

“நீ இந்த ஊர்ப் பொண்ணு. உனக்கென்ன முக்காடா, கட்டுப்பாடா? போய்ச் சொல்லுடி!”

“நீ சொல்லேன்.”

“பேச வாயிருக்கறவளுக்கு உரிமை இல்ல. உரிமை இருக்கறவளுக்கு வாய் இல்ல. நல்லா விளங்கும்!”

காகா பக்கத்தில் வந்ததும் அவள் முக்காட்டுக்குள்ளிருந்து என் வாளியைப் பார்த்துச் சத்தமாகப் பேச ஆரம்பித்தாள்.

“ஏ வாளி! இருபத்தேழை நாங்க கழுவியே கொன்னுட்டோம்னு உனக்குத் தெரியுமா? தூவியெல்லாம் உன் வயித்துக்குள்ளதான கெடக்கு?”

காகாவும் வாளியைப் பார்த்தே பதில் சொன்னார். “வாளிக்கு வேலையைப் பார்க்கத் தெரியும். மருமகளுங்களும் பார்த்தா நல்லா இருக்கும்.”

“கேட்டியா வாளி? இந்தப் பொண்ணு ஜம்கு என்னமோ சொல்லணுமாம்.”

காகா என் பக்கம் திரும்பினார். “என்னம்மா?”

“ஒண்ணுமில்ல காகா” என்றேன்.

பெம்பி ரொட்டி மூட்டையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அன்று அவள் என்னோடு சாப்பிடவில்லை.

சனிக்கிழமை காலை முதல் பத்து வகையின் பட்டியலை முடிவு செய்ய மேடம் வருவதாக இருந்தது. விடியும்போதே வயலுக்கு ஓடினேன். கதிர் அறுத்த தட்டையாக நின்ற இருபத்தேழாம் வரிசையின் கடைசிச் செடியைத் தோண்டி, உதறாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய், களத்துக் கொட்டகையில் வந்து உட்கார்ந்திருந்த மேடத்தின் மேசையில் வைத்தேன்.

“ஐயோ, மேசையெல்லாம் மணலு!” காகா அதைப் பிடுங்க வந்தார்.

“கழுவாதீங்க!” என்றேன். அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. “மூணு செடியையும் நான்தான் கழுவினேன் மேடம். மணலு போகல. போகற வரைக்கும் தேய்ச்சேன்.”

மேடம் வேரை உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்.

“நாப்பதையும் இப்படித்தான் தேய்ச்சீங்களா?”

“மத்தவங்க கொஞ்சமாத் தேய்ச்சாங்க. நான் நல்லா.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இருபத்தேழோட கதிர் எங்க ஹுக்மாராம்ஜி?”

காகா மூலையைக் காட்டினார். தள்ளுபடியான முப்பது வகையையும் வெள்ளிக்கிழமையே அறுத்து, ஒன்றாக அடித்து, ஒரே சாக்கில் கட்டியிருந்தார். “நீங்க வர்றதுக்குள்ள களம் சுத்தமா இருக்கணுமேன்னு…”

“இருபத்தேழுக்கு வந்ததே ஒரு பிடி விதை. மொத்தத்தையும் இங்கதான் போட்டோம்” என்றார் மேடம்.

காகா என்மேல் பாய்ந்தார். “அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல!”

“சொன்னோம் மாமா!” என்றாள் பெம்பி. வாளியிடம் இல்லை, அவரிடம்.

சாக்கைப் பிரித்துக் கையை விட்டேன். எல்லாம் ஒரே சாம்பல் நிறத்தில் ஒன்றுபோல இருந்தன.

“இதை எங்க மேட்டுல விதைக்கலாமா மேடம்? கதிர் முத்தினப்புறம் ஒவ்வொண்ணாத் தோண்டிப் பார்த்து, மணலு ஒட்டினதை மட்டும் எடுத்து வைக்கிறேன்.”

“முப்பது வகையிலயா? எத்தனை ஆயிரம் செடி வரும்னு தெரியுமா? அதுவும் மகரந்தம் கலந்திருக்கும்.”

“தோண்டுவேன்.”

“ஆராய்ச்சி விதையை என் இஷ்டத்துக்குத் தர முடியாதும்மா. மேலே எழுதிக் கேட்கணும்.”

“எப்போ எழுதுவீங்க?”

“திங்கக்கிழமை.”

“பதில் எப்போ வரும்?”

மேடம் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். சாக்கைப் பின்னால் ஏற்றினார்கள். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். நான் போய் முன்னால் நின்றேன். ஹார்ன் அடித்தார். “தள்ளு பொண்ணே, வெயில் ஏறுது!”

“மேடத்தை இங்கயே, இப்பவே எழுதச் சொல்லுங்க” என்றேன்.

காகா திட்டினார். ஓட்டுநர் மறுபடியும் ஹார்ன் அடித்தார். நான் நகரவில்லை. மேடம் கதவைத் திறந்து இறங்கி, பையில் பேனாவைத் தேடினார்.