ஓட மறுத்த அசல்

இது திங்கட்கிழமை நடந்ததா செவ்வாயா என்று எனக்கு நினைவில்லை. நீதிபதி சிரித்தாரா என்பதையும் சத்தியம் பண்ணிச் சொல்ல மாட்டேன்.

விலை கொடுத்து வாங்கிய பட டிஸ்க் ஓடவில்லை என்று வருகிறவர்களுக்கு, எங்கள் தெருக் கம்ப்யூட்டர் கடை மெக்கானிக், நகல் எடுக்க விடாமல் கம்பெனி அதில் போட்டிருக்கும் பூட்டை உடைத்து நகல் போட்டுக் கொடுப்பார். படக் கம்பெனி அவர்மேல் வழக்குப் போட்டது. தோற்றால் கடைக்குச் சீல்.

"அங்கேயாவது கையை வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்று அவர் மனைவி காலையிலேயே சொல்லியிருந்தாள்.

நீதிமன்றக் கணினியில் மெக்கானிக்கின் நகல் ஜம்மென்று ஓடியது. கம்பெனியின் அசலைப் போட்டதும், "இந்தக் கருவிக்கு அனுமதி இல்லை" என்று திரையில் வந்தது. கம்பெனி வக்கீல் துடைத்துத் துடைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தார்.

"அசலைப் பார்க்காம, இது அதோட நகல்தான்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார் நீதிபதி.

பிறகு வக்கீல் மெக்கானிக்கிடம் குனிந்தார். "அண்ணே, இந்தப் பூட்டைக் கொஞ்சம் திறந்து குடுங்களேன்."

இரண்டு நிமிட வேலை. மெக்கானிக்குக் கை துறுதுறுத்தது. பின்பெஞ்சில் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார்.

"அதைச் செஞ்சதுக்குத்தானே சார் என்னை இங்கே நிக்க வச்சிருக்கீங்க?"

வழக்கு தள்ளுபடியானது. கடை இன்றும் நடக்கிறது. வக்கீல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அசல் டிஸ்க் நீதிமன்ற அலமாரியில் இருக்கிறது; அதை இதுவரை யாரும் பார்க்கவில்லை.