கையில் கட்டிய பேர்

பாழாய்ப்போன அந்த வருஷம் கான்ஸ்டாண்டிநோபிளில் பேரைக் கையில் கட்டிக்கொள்ளாமல் ஒருவரும் வாசல் தாண்டவில்லை. கொள்ளைநோய், நடந்து போகிறவனை நடுத்தெருவிலேயே சாய்த்துவிடும். கையில் பேர் எழுதிய சீட்டு இருந்தால், சொந்தபந்தம் தேடி வரட்டும் என்று மறுநாள் பொழுது சாயும்வரை பிணத்தைக் கடற்கரையில் வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் கையோடு படகில் ஏற்றி அக்கரைக் குழியில் கொட்டிவிடுவார்கள்.

மீன்காரர் சோதிக்கோசுக்கு அந்தச் சீட்டைக் கண்டாலே ஆகாது.

"நான் என்ன சந்தைக் கழுதையா, அடையாளம் கட்டி அனுப்புறே?"

"கழுதையா இருந்தாக்கூட ஒரு தடவை சொன்னா கேட்டிருக்கும். நீட்டுய்யா கையை!" என்றாள் அவர் மனைவி தோம்னினா. தன் முக்காட்டின் சிவப்பு ஓரத்தைக் கிழித்து, சீட்டைக் கோத்து, இறுக்கி முடிச்சுப் போட்டாள். பாரசீகச் சண்டைக்குப் போன ஒரே மகன் எந்த மண்ணில் கிடக்கிறான் என்றே தெரியாது. இவருக்கு ஒன்று ஆனாலும் தன் கையால் புதைக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அன்று போனவர் வீடு திரும்பவில்லை. மறுநாள் அடித்துப் பிடித்துக் கடற்கரைக்கு ஓடினாள். வரிசையாகக் கிடந்த பிணங்களில் ஒன்றின் கையில் அந்தச் சிவப்புத் துணி. கிட்டப் போய் முகத்துத் துணியை விலக்கினாள்.

மீசை இப்போதுதான் அரும்பிய யாரோ ஒரு பையன்.

"அவரில்லை! அய்யோ சாமி, அவரில்லை!" அத்தனை பிணங்களுக்கு நடுவே வாய்விட்டுச் சிரித்தாள்.

பிணம் தூக்கும் தல்லோஸ் சிரிக்கவில்லை. "அம்மா, அந்தச் சீட்டு இவனுது இல்லை. நேத்து இவன் கையில ஒண்ணுமில்லைன்னு படகுக்குத் தூக்கினோம். ஒரு பெரியவர் வந்து மறிச்சார். 'பெத்தவ வந்து எங்கடா தேடுவா, ஒரு நாள் பொறுக்க மாட்டீங்களா'ன்னு கண்டபடி திட்டிட்டு, தன் சீட்டைக் கழட்டிக் கட்டிவிட்டார். 'உங்களுக்குச் சீட்டு வேணாமா'ன்னு கேட்டேன். 'வீட்ல ஒரு ராங்கிக்காரி இருக்கா, இன்னொண்ணு கட்டிவிடுவா'ன்னார்."

"அப்புறம் எங்க போனார்?"

தல்லோஸ் கரையோரமாகக் கை காட்டினான். "அதோ, அந்தப் படித்துறை வரைக்கும்தான் போனார். அக்குள்ல நோய்க்கட்டி, பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டார். ராத்திரியே உயிர் போயிடுச்சு. காலையில நான் வர்றதுக்குள்ள முதல் படகுக்காரங்க ஏத்திட்டாங்க. கையில சீட்டு இல்லையேம்மா."

"பாவி மனுஷா! இப்படிப் பண்ணிட்டியே!" அவள் பிணத்தின் மேல் விழுந்து சிவப்புத் துணியைப் பிய்க்கப் பார்த்தாள். அவர் போட்ட முடிச்சு; அசையவில்லை. நகம் பிய்ந்ததுதான் மிச்சம். அழுது ஓய்ந்தாள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"இவனுக்கும் யாரும் வரலை. படகுல ஏத்தட்டுமாம்மா?" என்று கேட்டான் தல்லோஸ்.

தோம்னினா பையனின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துவிட்டாள்.

"படகு வேணாம். எங்க வீட்டுப் பிள்ளை இது, என் கையால புதைச்சுக்கிறேன்," என்றாள். "தலைமாட்டுல நீ பிடி. பாத்துத் தூக்கு."