நான்கு மீன்களுக்கு இருபத்தாறு டிகிரி

அண்ணி என் அறைக் கதவைத் தட்டி, “மீனெல்லாம் வெந்து போச்சுடி” என்றாள். வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அவள் உள்ளதைத்தான் சொன்னாள். தொட்டிக்குள் இருந்த ஹீட்டர் அணையாமல் எரிந்து, தண்ணீர் குளிக்கிற பதத்துக்கு வந்திருந்தது. பெரிய மீன்கள் எல்லாம் பக்கவாட்டில் மிதந்தன. நான்கு ஏஞ்சல் மீன்கள் மட்டும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு உயிரோடு இருந்தன.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ப்ளக்கைப் பிடுங்கினேன், செத்ததை வலையில் அள்ளினேன், கை கழுவிவிட்டு வேலைக்குப் போனேன். அண்ணன் போனதிலிருந்து நான் அப்படித்தான் இருக்கிறேன். பால் வாங்கப் போன மனுஷன் ரோட்டோரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், “அழுதுடும்மா, அழுதுடும்மா” என்று பாத்ரூம் வரைக்கும் துரத்தினார்கள். வந்தால்தானே அழுவதற்கு?

தொட்டி அண்ணனுடையது. அவர் இருந்தவரை அண்ணிக்கும் அதற்கும் ஆகவே ஆகாது. “கட்டின பொண்டாட்டிய பாக்க நேரமில்ல, மீனுக்கு மட்டும் தாலாட்டு” என்பாள். இப்போது அவளே கண்கொத்திப் பாம்பாக அதைக் காவல் காக்கிறாள். காரணம் இருக்கிறது. லாரி வைத்து ஓட்டுகிற அவளுடைய அண்ணன் அடிக்கடி போன் செய்து, “கிளம்பி வந்துடு, அங்க உனக்கு யாரு இருக்கா?” என்பார். “மீன யாரு பாப்பா?” என்று இவள் பேச்சை முடித்துவிடுவாள். எதிரே உட்கார்ந்திருக்கும் நாத்தனாரை அவளும் காட்டியதில்லை, நான் இருக்கிறேன் என்று நானும் வாயைத் திறந்ததில்லை. மீன் போனால் அண்ணி போய்விடுவாள். இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால் ஹீட்டருக்கு ஒரு கன்ட்ரோலர் செய்ய உட்கார்ந்தேன். வாஷிங் மெஷின் போர்டுகளை ரிப்பேர் செய்து பிழைக்கிறவளுக்கு அது பெரிய வித்தை இல்லை. பழைய ஹீட்டரைப் பிரித்துப் பார்த்ததில், உள்ளே சுவிட்சின் இரண்டு முனைகளும் உருகி ஒட்டியிருந்தன. ஒட்டிய சுவிட்சுக்கு அணையத் தெரியாது. ஆகவே புது ஹீட்டருக்கு இரண்டு ரிலே சுவிட்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தேன். ஒன்று ஒட்டிக்கொண்டாலும் மற்றது கரண்டை வெட்டிவிடும். தண்ணீருக்குள் விட ஸ்டீல் மூக்கு வைத்த சென்சார். இருபத்தாறிலிருந்து அரை டிகிரி இறங்கினால் ஹீட்டர் எரிய வேண்டும், அரை டிகிரி ஏறினால் அணைய வேண்டும். அந்த இடைவெளி கொடுக்காவிட்டால் ரிலே ஓயாமல் டக் டக்கென்று அடித்து உயிரை வாங்கும். சென்சார் வயர் அறுந்தால்கூட ஹீட்டர் அணைகிற மாதிரி புரோகிராம் எழுதினேன். எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, முன்பக்கம் சிவப்பு எண்கள் தெரிய ஓட்டை போட்டேன்.

சென்சார் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க அதை ஐஸ் தண்ணீரில் விட வேண்டும். பூஜ்யம் காட்டினால் சரி. ஃப்ரிட்ஜைத் திறந்தேன். ஐஸ் ட்ரே காய்ந்து கிடந்தது. அதில் தண்ணீர் நிரப்பி வைப்பது எப்போதும் அண்ணன் வேலை. குழாய் பக்கத்திலேயே இருந்தது. எனக்குக் கை வரவில்லை. மனித உடம்பு முப்பத்தேழு டிகிரி என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். சென்சாரைக் கழுவி நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டேன். முப்பத்தொன்பதரை காட்டியது. மலிவுச் சரக்கு என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு, காட்டுவதில் இரண்டரையைக் கழித்துக்கொள்ளும்படி மாற்றி, தொட்டியில் மாட்டினேன். குளிர் எடுத்தது. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு படுத்தேன். சோறு இறங்கவில்லை, ஆனால் அது இறங்கித்தான் எத்தனையோ நாளாயிற்றே.

மறுநாள் காலை லாரிக்காரர் வாசலில் நின்றார். பாதி மீன் செத்த செய்தி அவருக்கு எப்படியோ எட்டியிருந்தது. நேராகத் தொட்டிக்குப் போய், சிவப்பு எண்களைக் குனிந்து பார்த்தார். இருபத்தாறு.

“இது என்னம்மா?”

“தானா பாத்துக்கும். சூடு கம்மியானா போடும், ஜாஸ்தியானா நிறுத்தும்” என்றேன்.

“பலே! அப்ப ஆள் வேண்டியதே இல்ல. ஏம்மா தங்கச்சி, மெஷினே வந்தாச்சு. இனிமே உனக்கு இங்க என்ன வேலை?”

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியைக் கட்டத் தொடங்கினாள். இப்படி ஒன்றைச் செய்து என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் வலிக்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

பெட்டியோடு வந்தவள் கடைசியாகத் தொட்டிப் பக்கம் போனாள். “என்னடி, எல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது?”

நான்கும் நீர்மட்டத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தன. நான் கையை விட்டுப் பார்த்தேன். “சில்லுனுதான் இருக்கு அண்ணி.”

அவளும் கையை விட்டாள். “சில்லுனா? வெதுவெதுனு இருக்குடி. தினம் கை விடுறவ நான், எனக்குத் தெரியாதா?” என்றவள் ஈரக் கையோடு என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த கையை விடவில்லை. கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். “அடிப்பாவி, அனலா கொதிக்குது! எப்பலேர்ந்து?”

“தெரியல.”

“காய்ச்சல் வந்தது கூடவா தெரியாது?”

தெரியாது. அதைச் சொல்லும்போதே நேற்றைய முப்பத்தொன்பதரை ஞாபகம் வந்தது. சென்சார் ஒழுங்காகத்தான் காட்டியிருக்கிறது. பழுது என் உடம்பில். சென்சாரை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, “கொஞ்சம் வாயில வைங்க” என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு வைத்தாள். முப்பத்துநாலரை.

“இத நம்பினா நீங்க பாதி செத்திருக்கணும் அண்ணி.”

அந்த வீட்டில் ‘செத்து’ என்கிற சொல்லை அவ்வளவு நாளும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அண்ணி வயரை வாயிலிருந்து எடுத்தாள். பிறகு, “பாதி இல்லடி” என்றாள்.

நான் கழித்த இரண்டரையை எடுத்துவிட்டு சென்சாரைத் தண்ணீரில் விட்டேன். இருபத்தெட்டரை. ஏற்கெனவே வெந்து பிழைத்த மீன்களுக்கு அந்த இரண்டரையே தாங்கவில்லை. ஹீட்டரை அணைத்து, சொம்பு சொம்பாகப் பச்சைத் தண்ணீரை அண்ணி மெதுவாக ஊற்றினாள். ஒரேயடியாக ஊற்றினால் அதுவும் ஆபத்து. லாரிக்காரர் காபி குடித்து, பேப்பர் படித்து, கொட்டாவி விட்டு முடித்தபோது மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“சரி பண்ணியாச்சுல்ல? இனி மெஷின் பாத்துக்கும்ல?” என்று அவர் கேட்டார்.

பாத்துக்காது, நம்ப முடியாது, ஆள் பக்கத்திலேயே இருக்கணும் என்று ஒரு பொய் சொல்லலாம். அவருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் மெஷின் சரியாகிவிட்டது.

“பாத்துக்கும்” என்றேன்.

அவர் பெட்டியைத் தூக்கினார். அண்ணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். ஒரு காலில் மாட்டிவிட்டாள், இன்னொன்றுக்குக் கால் தேடியது.

“மீனுக்கு ஆள் வேண்டாங்க” என்றேன் அவரிடம். “எனக்கு வேணும்.”

சொன்னதுதான் தாமதம், அழுகை வந்துவிட்டது. ஒரு முறை ஏங்கி நிற்கிற அழுகை இல்லை. மூக்கு ஒழுக, தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அண்ணனைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதேன். லாரிக்காரர் பெட்டியும் கையுமாக விழித்தார்.

“பெட்டிய உள்ள வைங்கண்ணே” என்றாள் அண்ணி. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து என் தலையைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். “இத சொல்ல உனக்கு இவ்வளவு காய்ச்சல் வர வேண்டியிருக்கு, இல்ல?”